ஓரிகன் தடத்துக் கூண்டு வண்டிகள்: எடையால் அளந்த இல்லறம்

1840க்கும் 1860க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டு, வட அமெரிக்கக் கண்டத்தின் மேற்குப் பாதியை வண்டிகளோடு கடந்து, பசிபிக் கடலோரத்து ஓரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் குடிபெயர்ந்தனர். ஓரிகன் தடம் என்று பெயர் பெற்ற, ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீண்ட அந்த வழியின் வரலாறு அமெரிக்கப் பாடநூல்களிலும் திரைப்படங்களிலும் வீரத்தின் வரலாறாகவே வெகுகாலம் சொல்லப்பட்டு வந்தது. அவ்வழியே சென்றவர்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளும் கடிதங்களும் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றைப் படிப்பவர் கண்ணில் முதலில் படுபவை மாவு மூட்டையின் எடையும், மாட்டுக் குளம்பின் புண்ணும், வறண்ட காற்றில் மரம் சுருங்கியதால் கழன்று விழுந்த சக்கரப் பட்டையுமே ஆகும். ஒரு குடும்பம் தன் வீட்டை எந்த அளவுக்குச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு வண்டியின் தாங்குதிறன் முடிவு செய்தது என்பதும், அம்முடிவைச் சுற்றி ஒரு வாணிபமும் ஒரு பூசலும் வளர்ந்தன என்பதுமே இக்குடிபெயர்வின் உள்வரலாறு.

இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு இதனை உள்நாட்டு இடமாற்றம் என்று எண்ணிவிடலாகாது. ஓரிகன் நாடு எனப்பட்ட நிலப்பரப்பை 1818ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அமெரிக்க ஐக்கிய நாடும் பிரிட்டனும் பொதுவில் அனுபவித்து வந்தன; அங்கு நடைமுறையில் ஆட்சி செலுத்தியது பிரிட்டிஷ் வணிக நிறுவனமான ஹட்சன் விரிகுடாக் கம்பெனியே. 49ஆம் அட்சரேகை எல்லையாக வகுக்கப்பட்டு அதன் தென்பகுதி அமெரிக்காவுக்கு வந்தது 1846 ஜூனில்தான். கலிபோர்னியாவோ 1848 வரை மெக்சிகோவின் மாகாணமாக இருந்தது. ஆகவே 1843இல் மிசௌரியின் மேற்கு எல்லையைத் தாண்டிய ஒரு குடியானவர், தம் நாட்டின் சட்டமும் நீதிமன்றமும் எட்டாத இடத்துக்கு, பானி, லகோட்டா, ஷையேன், ஷோஷோனி, கையூஸ் முதலிய தொல்குடிகளின் நிலங்களின் வழியே சென்றுகொண்டிருந்தார். 1837இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் தானிய விலை வீழ்ந்ததும், மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் மலேரியாக் காய்ச்சல் ஓயாததும், வில்லாமட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நல்ல நிலம் தாராளமாகக் கிடைக்கும் என்ற பேச்சும் அவரை அவ்வாறு கிளப்பின. எல்லையில் அவரை நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொல்லவோ, வண்டிக்குத் தீர்வை கேட்கவோ எவரும் இல்லை. அவருடைய உடைமைகளைச் சோதித்தவை மேட்டு ஏற்றங்களும் ஆற்றுத் துறைகளுமே.

சக்கரம் பூட்டிய ஊர்தி ராக்கி மலைத்தொடரைத் தாண்டுமா என்பதே முதலில் ஐயமாக இருந்தது. அந்த மலைத்தொடரில் தென்கணவாய் எனப்படும் இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,260 மீட்டர் உயரத்தில் இருந்தபோதிலும், செங்குத்தான மலைவாயிலாக இல்லாமல் பல கிலோமீட்டர் அகன்ற, மெல்லச் சரியும் புல்வெளியாக இருப்பதை உரோம வணிகர்கள் 1812இலேயே கண்டிருந்தனர். 1832இல் கேப்டன் பான்வில் அதன் வழியே வண்டிகளை ஓட்டிக் காட்டினார். இடர் அதற்கு அப்பால் இருந்தது. 1836இல் மார்க்கஸ் விட்மன், ஹென்றி ஸ்பால்டிங் என்னும் மதப்பணியாளர்கள் தம் மனைவியரோடு சென்றபோது, கொண்டுசென்ற வண்டியின் அச்சு முறிந்ததால் அதனை இரண்டு சக்கர வண்டியாகக் குறைத்து, அதையும் பாய்சி கோட்டையில் விட்டுவிட நேர்ந்தது. விட்மனின் மனைவி நார்சிசா, தம் தங்கை ஹாரியட் அளித்த சிறு பெட்டியையும் பாதி வழியில் பிரிய வேண்டியதாயிற்று. அதற்கு அவர் தம் கடித நாட்குறிப்பில் விடைகொடுத்து எழுதியிருக்கிறார். 1840இல் ராபர்ட் நியூவெல், ஜோ மீக் ஆகிய உரோம வேட்டையர்கள் கூண்டையும் பலகைகளையும் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தோடு வண்டிகளை வாலா வாலா வரை கொண்டுசேர்த்தனர். அவர்கள் கொண்டுபோனது வண்டியை மட்டுமே. வீட்டுச் சாமான்களை அன்று.

1843ஆம் ஆண்டு மே மாதத்தில் இன்டிபென்டன்ஸ் நகரின் சுற்றுப்புறத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேரும் நூற்றிருபது வண்டிகளும் பெருந்திரளான கால்நடைகளும் கொண்ட கூட்டம் புறப்பட்டபோதுதான் நிலைமை மாறியது. ஹால் கோட்டையில் இருந்த ஹட்சன் விரிகுடாக் கம்பெனி அதிகாரி ரிச்சர்ட் கிரான்ட், முந்தைய ஆண்டுக் கூட்டத்தார் செய்ததுபோல் வண்டிகளை அங்கேயே விட்டுவிட்டுப் பொதி குதிரைகளோடு செல்லுமாறு அறிவுறுத்தினார். ஊருக்குப் போய்த் திரும்பி அக்கூட்டத்தோடு வந்துகொண்டிருந்த விட்மனோ வண்டிகளை விடவேண்டாம் என்று வற்புறுத்தினார். கிரான்ட் வேண்டுமென்றே அச்சுறுத்தினார் என்று பிற்கால அமெரிக்க நூல்கள் சில குற்றஞ்சாட்டுவது நியாயமாகத் தோன்றவில்லை. அதுவரை நிறைசுமையோடு அவ்வழியே வண்டி எதுவும் சென்றதில்லை என்பதால், தெரிந்ததையே அவர் சொன்னார். வண்டிகள் கொலம்பியா ஆற்றை அடைந்தன. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் பெருகிற்று.

அந்த வண்டியின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். கிழக்கு மாநிலங்களில் சரக்கேற்றப் பயன்பட்ட பெரிய கானஸ்டோகா வண்டியே ஓரிகனுக்குச் சென்றது என்று பரவலாக நம்பப்படுகிறது. அத்தகைய பாரவண்டியை 3,200 கிலோமீட்டர் இழுத்தால் மாடுகள் மாண்டுவிடும் என்பதால், குடிபெயர்ந்தோர் பெரும்பாலும் சாதாரணப் பண்ணை வண்டியையே வலுப்படுத்தி ஓட்டிச் சென்றனர். அதன் பெட்டி மூன்று மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமும், 1.2 மீட்டர் அகலமும், முழங்கால் அளவுக்கு மேல் உயர்ந்த பக்கப் பலகைகளும் உடையது. பெட்டியின் மேல் ஹிக்கரி மரச் சட்டங்களை வில்லாக வளைத்துப் பொருத்தி, ஆளிவிதை எண்ணெய் ஊட்டிய இரட்டைக் கித்தானை அவற்றின்மேல் இழுத்துக் கட்டினர். தமிழ்நாட்டுக் கூண்டு வண்டியைப் போலன்றி இது நான்கு சக்கரங்கள் உடையது. முன் அச்சு நடு ஆணி ஒன்றில் சுழன்று திரும்பவேண்டியிருந்தமையால் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சிறியனவாக இருந்தன. குடம், ஆரக்கால், வட்டை ஆகிய சக்கர உறுப்புகள் அனைத்தும் நன்கு உலர்ந்த கடின மரத்தால் ஆனவை; அவற்றைச் சூடேற்றிய இரும்புப் பட்டை இறுகப் பிணித்தது. பைன் மரக் கீலும் மாட்டுக் கொழுப்பும் கலந்த வண்டிமை, பின் அச்சில் தொங்கிய வாளியில் எப்போதும் இருந்தது.

ஈரப்பதம் மிக்க மிசௌரியில் செய்த சக்கரம் ராக்கி மலையடிவாரத்தின் வறண்ட காற்றில் சுருங்கியபோது, வட்டைக்கும் இரும்புப் பட்டைக்கும் இடையே இடைவெளி விழுந்தது. இரவில் சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் ஊறப்போடுவதும், இடைவெளியில் மரச்சீவல்களை அடித்துச் செருகுவதும் அதற்கான வைத்தியமாயின. வண்டிக்கு வில்பட்டை கிடையாது. தொடக்ககால வண்டிகளில் தடைக்கட்டையும் அரிது. இறக்கங்களில் சங்கிலியால் பின் சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டே இறங்கினர். உட்கார்ந்து செல்வோரின் எலும்பை உலுக்கும் ஊர்தி அது என்பதோடு, ஏறி அமரும் ஒவ்வோர் ஆளும் மாடுகளுக்குக் கூடுதல் சுமை என்பதாலும், நோயாளிகளும் முதியோரும் கைக்குழந்தைகளும் தவிர ஏனையோர் ஓரிகன் வரை நடந்தே சென்றனர். குடும்பத்தைச் சுமக்கும் வண்டி என்று இதனைக் கருதுவது பிழை. குடும்பம் நடந்தது, அதன் பண்டங்கள் வண்டியில் சென்றன. ஓடும் வண்டியில் ஏறியிறங்கும் சிறுவர்கள் சக்கரத்தில் சிக்குவது வழியில் மிகுதியாக நேர்ந்த விபத்துகளில் ஒன்று. 1844இல் சென்ற சேகர் குடும்பத்துச் சிறுமி கேத்தரினின் கால் அவ்வாறுதான் முறிந்தது. தாயும் தந்தையும் வழியிலேயே நோயால் இறக்க, அக்குடும்பத்தின் ஏழு பிள்ளைகளும் அநாதைகளாக விட்மன் தம்பதியிடம் வந்து சேர்ந்தனர்.

இழுப்பதற்குப் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தது காளைகளையே. கோவேறு கழுதை விரைவாக நடக்கும், ஆனால் விலை அதிகம். குதிரைக்குத் தானியம் வேண்டும். காளையோ மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தாலும், வழியில் கிடைக்கும் எத்தகைய புல்லையும் தின்று உழைத்தது. சேற்றிலும் மணலிலும் நிதானம் இழக்காமல் இழுத்தது. ஓரிகனை அடைந்தபின் ஏர் பூட்டவும் உதவியது. ஒரு வண்டிக்கு இரண்டு அல்லது மூன்று சோடிகளை நுகத்தில் பூட்டினர். மூக்கணாங்கயிறோ கடிவாளமோ இல்லாமல், இடப்பக்கத்தில் நடந்துவரும் ஓட்டுநரின் குரலுக்கே மாடுகள் திரும்பப் பழக்கப்பட்டிருந்தன. பிளவுபட்ட குளம்புக்கு இரு துண்டுகளாகச் செய்த லாடம் தேய்ந்து விழுந்தபோது, எருமைத் தோலால் உறை தைத்துக் கட்டியதும் உண்டு.

நன்கு செய்த வண்டி ஏறக்குறைய 600 கிலோ எடை உடையது. அதில் 900 முதல் 1,100 கிலோவுக்கு மேல் ஏற்றினால் அதனை இழுக்கும் மாடுகள் கண்டத்தின் மறுகரையைக் காணமாட்டா என்பது அனுபவசாலிகளின் கணிப்பு. 1845இல் வெளிவந்த லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸின் வழிகாட்டி நூல், ஓர் ஆளுக்கு 90 கிலோ கோதுமை மாவும், 68 கிலோ உப்பிட்ட பன்றியிறைச்சியும், 9 கிலோ சர்க்கரையும், காப்பியும் உப்பும் நாலரைக் கிலோ வீதமும் தேவை என்று பரிந்துரைத்தது. அவற்றைக் கூட்டினால் ஆளுக்கு ஏறத்தாழ 176 கிலோ ஆகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஏறத்தாழ 880 கிலோ ஆகிறது. சிறு பிள்ளைகளுக்கு அளவைக் குறைத்துக்கொண்டாலும், உணவை ஏற்றிய பின் கட்டிலுக்கும் அலமாரிக்கும் அவ்வண்டியில் எஞ்சிய இடம் எவ்வளவு என்பது விளங்கும். உணவைக் குறைக்கவும் இயலாது. வேகத்தைக் கூட்டவும் இயலாது. ஏப்ரல் இறுதிக்கு முன் கிளம்பினால் மாடுகளுக்குப் புல் வளர்ந்திராது. மே நடுவுக்குப் பின் கிளம்பினால் மேற்கு மலைகளில் பனி விழுந்துவிடும். அந்த இடைவெளியில் நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் கடந்தாக வேண்டும் என்பதால், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் நாள் கணக்கில் தண்டம் கேட்டது.

எதை ஏற்றுவது என்பதில் கணவனும் மனைவியும் ஒத்த கருத்துடையவர்களாக எப்போதும் இருந்ததில்லை. 1979இல் ஜான் மேக் ஃபேரகரும், 1982இல் லில்லியன் ஷ்லிசலும் அவ்வழிப் பெண்களின் எழுத்துகளை ஆராய்ந்து வெளியிட்ட நூல்களுக்குப் பிறகே இது வரலாற்றில் உரிய இடம் பெற்றது. புறப்படுவது என்ற முடிவைப் பெரும்பாலும் ஆண்களே எடுத்தனர். ஏர்க்கொழு, கோடரி, துப்பாக்கி, மரவேலைக் கருவிகள் ஆகியவற்றுக்கு இடம் கேட்பதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை, அவை புதிய நிலத்தில் பிழைப்புக்கு வேண்டியவை என்பதும் உண்மை. பெண்கள் இடம் கேட்டவை பீங்கான் தட்டு, தாயின் இழுப்பறைப் பெட்டி, சுழலும் நூற்பு ராட்டை, ஒட்டுத்துணி மெத்தை, விவிலியம், பூச்செடி விதை ஆகியன. இடம் கிடைத்த பொருள்களை அவர்கள் பொதிந்த விதத்தில் மிகுந்த கைத்திறன் இருந்தது: உடையக்கூடிய பீங்கானையும் முட்டையையும் மக்காச்சோள மாவுப் பீப்பாய்க்குள் புதைத்தனர், கொழுப்பு உருகிவிடாதபடி பன்றியிறைச்சியைத் தவிட்டில் பொதிந்தனர், கூண்டின் உட்புறத்தில் பைகளைத் தைத்து ஊசியும் மருந்தும் சீப்பும் வைத்தனர். காலையில் கறந்த பாலைக் குடுவையில் ஊற்றித் தொங்கவிட்டால், மாலைக்குள் வண்டியின் குலுக்கலே வெண்ணெய் எடுத்துக் கொடுத்தது.

இவ்வளவு திட்டமிட்டும், பெரும்பாலான குடும்பங்கள் அளவுக்கு மீறியே ஏற்றின. புறப்படும் ஊர்களில் இருந்த கடைக்காரர்களுக்கு அளவோடு விற்பதில் நாட்டம் இருக்கவில்லை. முதல் ஆயிரம் கிலோமீட்டர் புல்வெளியும் பிளாட் ஆற்றங்கரைச் சமவெளியுமே என்பதால் பிழை அங்கு வெளிப்படவில்லை. லாரமி கோட்டையை நெருங்கி நிலம் ஏறத் தொடங்கியபோது மாடுகள் தளர்ந்தன, வீசியெறிதல் தொடங்கியது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தியால் பல்லாயிரவர் ஒரே பருவத்தில் அவ்வழியே பாய்ந்த 1849ஆம் ஆண்டில் இது உச்சத்தை எட்டியது. அவ்வாண்டு அங்கே சென்ற இராணுவ நிலவரைவுப் பொறியாளர் ஹோவர்ட் ஸ்டான்ஸ்பரி, இரும்புச் சட்டங்களும், கொல்லுலைத் துருத்தி, பட்டறைக் கருவிகளும், அடுப்புகளும், பெட்டிகளும், துணிகளும், இறைச்சியும் வழியோரத்தில் இறைந்து கிடந்ததைத் தம் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார். கையிலிருந்த மாவில் மண்ணைக் கலந்தும், சர்க்கரையில் டர்பன்டைன் ஊற்றியும் பிறர் எடுத்துண்ணாதபடி கெடுத்துவிட்டுப் போனோர் இருந்ததாகச் சொல்லப்படுவதுண்டு; வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம் என்று குறிப்பு எழுதி வைத்துப் போனோரும் உண்டு.

எடைக்கணக்கு தவறியதன் மிகக் கொடிய விளைவை 1846ஆம் ஆண்டு டானர் குழு கண்டது. அக்குழுவில் ஒருவரான ஜேம்ஸ் ரீட், வழக்கமானதைவிடப் பெரியதும் பக்கவாட்டு வாயில் உடையதும் உள்ளே கணப்பு அடுப்பு வைத்ததுமான வண்டியைக் குடும்பத்துக்கெனச் செய்வித்திருந்தார். ஹேஸ்டிங்ஸ் தம் நூலில் சொன்ன குறுக்குவழியை நம்பிய குழு, வசாட்ச் மலைக்காட்டை வெட்டி வழிசெய்வதில் நாள்களை இழந்து, பெரும் உப்பு ஏரிக்கு மேற்கே உள்ள உப்புப் பாலையில் மாடுகளையும் இழந்தது. ரீட் குடும்பம் அங்கு தன் உடைமைகளில் பெரும்பகுதியை மண்ணில் புதைத்துவிட்டுச் சென்றது. சியர்ரா நெவாடா மலையில் பனியில் சிக்கிய குழுவினர் 87 பேரில் பாதியளவினரே உயிர் பிழைத்தனர். எல்லாவற்றையும் விட்டுவிடச் சொன்னபோது எட்டு வயதுச் சிறுமி பேட்டி ரீட் தன் உடைக்குள் மறைத்துக் கொண்டுவந்த விரலளவு மரப்பொம்மை, கலிபோர்னியாவின் சட்டர் கோட்டை அருங்காட்சியகத் தொகுப்பில் இடம்பெற்றது.

ஒருவர் எறிந்தது மற்றொருவருக்கு முதலாயிற்று. பெரும் உப்பு ஏரிக்கரையில் 1847இல் குடியேறிய மார்மன் சமயத்தார், 1849இல் கருவிகளையும் துணிமணிகளையும் அடிமாட்டு விலைக்கு வாங்கினர். வழியோரத்தில் கிடந்தவற்றைப் பொறுக்கிவர வண்டிகளையும் அனுப்பினர். ஜிம் பிரிட்ஜரும் லூயி வாஸ்கெஸும் 1843இல் நிறுவிய பிரிட்ஜர் கோட்டை போன்ற இடங்களில் தளர்ந்த மாடுகள் இரண்டைப் பெற்றுக்கொண்டு தெம்பான மாடு ஒன்றைக் கொடுத்தனர். பெற்ற மாடுகள் சில வாரம் மேய்ந்து தேறியதும் அவற்றையே அடுத்து வருவோருக்கு மாற்றினர். மார்மன்கள் 1847இல் வட பிளாட் ஆற்றில் ஓடத்துறை அமைத்தபோது வண்டிக்கு ஒன்றரை டாலர் கூலியை மாவாகவே வாங்கினர், அந்த இடத்தில் பணத்தைவிட மாவுக்கே மதிப்பு இருந்தது. ஓடமில்லாத துறைகளில் வண்டிப் பெட்டியின் இடுக்குகளைக் கீல் பூசி அடைத்து, சக்கரங்களைக் கழற்றி, அதனையே படகாக மிதக்கவிட்டனர். புறப்படும் ஊரான இன்டிபென்டன்ஸில் வண்டியும் நுகத்தடியும் செய்து பெயர்பெற்றவர்களில் ஒருவர் ஹைரம் யங். அடிமையாகப் பிறந்து, தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கிய கறுப்பினத் தொழிலாளி அவர்.

இப்பெருவழியில் தொல்குடியினரின் பங்கு, திரைப்படங்கள் காட்டும் தாக்குதலோடு முடிவதில்லை. 1979இல் வெளியான ஜான் அன்ரூவின் ஆய்வு, 1840 முதல் 1860 வரை தொல்குடியினரால் கொல்லப்பட்ட குடிபெயர்ந்தோர் 362 பேர் என்றும், குடிபெயர்ந்தோரால் கொல்லப்பட்ட தொல்குடியினர் 426 பேர் என்றும் கணக்கிட்டது. நோயும் விபத்துமே, அவற்றிலும் 1849 முதல் சில பருவங்களில் பரவிய காலராவே, வழியில் இறந்தோரில் பெரும்பாலோரைக் கொன்றன. ஷோஷோனியரும் கொலம்பியா ஆற்றங்கரைக் குடிகளும் சட்டை, ஊசி, தூண்டில் முள் ஆகியவற்றுக்குச் சால்மன் மீனையும் கிழங்கையும் மாற்றாகக் கொடுத்தனர்; ஆற்றைக் கடக்க வழிகாட்டினர். ஆனால் பல்லாயிரம் மாடுகள் மேய்ந்த பிளாட் பள்ளத்தாக்கில் புல் அழிந்தது, காட்டெருமைகள் விலகின, விறகு தீர்ந்தது. வண்டிகளோடு வந்த தட்டம்மை 1847இல் கையூஸ் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரைக் கொன்றதும், அதன் விளைவாக எழுந்த சினத்தில் விட்மன் தம்பதியும் சேகர் குடும்பத்துச் சிறுவர் இருவரும் பிறரும் கொல்லப்பட்டதும் பலர் அறிந்தவை. 1854 ஆகஸ்டில் நடந்ததோ இன்னும் அற்பமான ஒன்றிலிருந்து கிளம்பியது. லாரமி கோட்டைக்கு அருகே, மார்மன் கூட்டத்திலிருந்து பின்தங்கிய நொண்டி மாடு ஒன்றை மினிகொன்ஜூ குடியைச் சேர்ந்தவர் கொன்றதற்காக, இளம் படைத் துணைத்தலைவர் கிராட்டன் பீரங்கியோடு சென்று லகோட்டாத் தலைவர் வெற்றிக்கரடியின் முகாமில் சுட்டார். தலைவரும், கிராட்டனும், அவருடன் சென்ற படையினரும் மாண்டனர். ஈடாகக் குதிரை தர முன்வந்த தலைவரின் பேச்சு ஏற்கப்பட்டிருந்தால் அமெரிக்கப் படையின் அடுத்த ஆண்டுப் பழிவாங்கும் படையெடுப்பு நேர்ந்திராது.

எடைக்கணக்கை முற்றிலும் மீறி வென்றவர் ஒருவரும் உண்டு. அயோவா மாநிலத்துச் சேலம் ஊரைச் சேர்ந்த ஹென்டர்சன் லூயலிங், 1847இல் ஒரு வண்டியில் மண்ணும் கரியும் நிரப்பிய ஆழமான பெட்டிகளை வைத்து, அவற்றில் ஆப்பிள், பேரி, செர்ரி முதலிய ஏறத்தாழ 700 கன்றுகளை நட்டு ஓரிகனுக்குக் கொண்டுசென்றார். நாள்தோறும் தண்ணீர் ஊற்றவேண்டிய அவ்வண்டியின் பாரத்தைக் கண்டு, அதனை விட்டுவிடுமாறு உடன்வந்தோர் பலமுறை சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஏறக்குறைய பாதிக் கன்றுகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. போர்ட்லாந்துக்கு அருகே மில்வாக்கியில் அவர் வைத்த நாற்றுப்பண்ணையிலிருந்து பசிபிக் கடலோரத்துப் பழத்தோட்டத் தொழில் கிளைத்தது. பின்னர் அவருடைய தம்பி சேத்தின் தோட்டத்தில் உருவாகிய செர்ரி வகைக்கு, அங்கு மேற்பார்வை செய்த சீனத் தொழிலாளி ஆ பிங்கின் பெயர் இடப்பட்டது. இன்றும் பிங் செர்ரி என்றே அது விற்கப்படுகிறது.

வழியின் கடைசிப் பகுதியே மிகக் கடுமையானது. டேல்ஸ் என்னும் இடத்தில் காஸ்கேட் மலைத்தொடர் குறுக்கிட்டதால், வண்டிகளைப் பிரித்துத் தெப்பங்களில் ஏற்றி, சுழல்கள் மலிந்த கொலம்பியா ஆற்றில் விடவேண்டியிருந்தது. 1843 நவம்பரில் அவ்வாறு சென்ற ஆப்பிள்கேட் குடும்பத்தின் சிறுவர் இருவர் படகு கவிழ்ந்து மூழ்கினர். ஆற்றைத் தவிர்க்கும் வழி காண்போம் என்று உறுதிகொண்ட அக்குடும்பத்தின் பெரியவர்களான சகோதரர்கள் 1846இல் தெற்குப்புறப் பாதை ஒன்றை வகுத்தனர். அதே ஆண்டில் சாம் பார்லோ ஹூட் மலையைச் சுற்றிச் சுங்கச்சாலை திறந்து, வண்டிக்கு ஐந்து டாலர் கட்டணம் வாங்கினார். அச்சாலையின் லாரல் குன்றில் வண்டிகளைக் கயிற்றால் மரங்களில் சுற்றித் தாங்கியே கீழே இறக்கினர். ஆப்பிள்கேட் பாதையும் முதற்பருவத்தில் எளிதாக இருக்கவில்லை. அவ்வழியே வந்த அறுபத்தாறு வயதுக் கைம்பெண் டபித்தா பிரவுன், அம்குவா மலைக்கணவாயில் வண்டியையும் வீட்டுப் பொருள்களையும் இழந்து, 1846 கிறிஸ்துமஸ் நாளில் ஓரிகனின் சேலம் ஊரை வந்தடைந்தார். கையுறையின் விரல் நுனியில் சிக்கியிருந்த ஆறேகால் சென்ட் நாணயத்தைக் கண்டெடுத்து, அதற்கு ஊசி வாங்கி, தம் பழைய உடைகளுக்கு மாற்றாகத் தொல்குடிப் பெண்களிடம் மான்தோல் பெற்று, கையுறை தைத்து விற்றுப் பிழைப்பைத் தொடங்கிய அவர், பின்னாளில் அநாதைப் பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளியே பசிபிக் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

வண்டி வந்து சேர்ந்தாலும் வந்தவர் அனைவருக்கும் நிலம் கிடைக்கவில்லை. 1850ஆம் ஆண்டு நிலக்கொடைச் சட்டம், அவ்வாண்டு டிசம்பருக்குள் ஓரிகனில் குடியமர்ந்திருந்த தம்பதியருக்கு 640 ஏக்கர் அளித்தது. அதில் பாதி மனைவியின் பெயரில் பதிவானது அக்காலத்துக்கு அரிய ஏற்பாடு. கறுப்பினத்தாருக்கு அச்சட்டத்தில் இடமில்லை. அதற்கு முன்பே, 1844இல், குடியேறியோரின் இடைக்கால அரசு கறுப்பினத்தார் வசிப்பதையே தடைசெய்திருந்தது. அவ்வாண்டு வந்த செல்வந்தர் ஜார்ஜ் வாஷிங்டன் புஷ், தந்தை வழியில் ஆப்பிரிக்க மரபினர் என்பதால், தம் வெள்ளையின நண்பர்களோடு கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே, அச்சட்டம் எட்டாத பியூஜெட் நீரிணைக் கரைக்கு விலகிச் சென்றார். அவர் திருத்திய நிலத்தை உறுதிசெய்ய 1855இல் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

1869 மே 10இல் கண்டம் கடக்கும் இருப்புப்பாதை இணைந்தபின் தொலைவழி வண்டிப் பயணம் குறைந்தது. 1883இல் ஓரிகனுக்கே நேர் தொடர்வண்டி வந்தது. இருப்புப்பாதைக் கம்பெனிகள், குடிபெயர்வோரின் அசையும் பொருள்கள் என்று தனிக் கட்டண வகையை ஏற்படுத்தின. ஒரு சரக்குப் பெட்டியை மொத்தக் கட்டணத்துக்கு எடுத்து அதில் மேசை நாற்காலி, கலப்பை, பிரித்த வண்டி, குதிரை, கோழி எல்லாவற்றையும் ஏற்றலாம், கால்நடையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இலவசமாகப் போகலாம். மேசையின் எடை இனி மாட்டின் உயிரைக் குடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் குடியானவர்கள் அத்தகைய பெட்டிகளோடு வடக்கே கனடாவின் புல்வெளி மாகாணங்களுக்குப் பெருந்திரளாகக் குடிபெயர்ந்தபோது, எல்லையில் சுங்க அதிகாரி காத்திருந்தார். குடியேறியோர் உடைமைகள் என்ற தலைப்பில் வீட்டுச் சாமான்களும் உழவுக் கருவிகளும் வண்டியும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்ட கால்நடைகளும் தீர்வையின்றி அனுமதிக்கப்பட்டன. ஆனால் அவை புறப்படுவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பிருந்தே தமக்கு உரிமையாக இருந்தவை என்று குடியேறுபவர் உறுதிமொழி அளித்தாக வேண்டும், விற்பனைக்கென எதையும் உடன் கொண்டுவந்திருந்தால் அதற்குத் தீர்வை கட்டியாக வேண்டும்.